ஒண்ணாம் நம்பர் ரோடு

எங்கள் ரோடு எப்படி இருக்கிறது என்று ஜீப் ஓட்டுகிறவர்களிடம் விசாரித்தால், கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் பதில் வரும். காரில் வந்த டூரிஸ்ட் கேட்டால், “ஐயோ, அதுல உங்க கார் ஏறாது சார், கல்லு தட்டி ஆயில் சேம்பர் உடைஞ்சிரும்” என்பார்கள். பொதுமராமத்திலிருந்து ஆள் வந்து கேட்டால், “ரோட்டுக்கு என்ன சார், ஜம்முனு கெடக்கு” என்பார்கள். சில நாள் இரண்டு பதிலும் ஒரே வாயிலிருந்து, ஒரே டீயைக் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும்.

மூணாறு மாட்டுப்பட்டி ரோட்டிலிருந்து பிரிந்து, தேயிலைக்கு நடுவே ஏறி, எங்கள் லயத்து வீடுகளைத் தொட்டுக்கொண்டு மேலே வியூ பாயிண்ட் வரைக்கும் போகிற ரோடு அது. எப்போதோ தார் போட்டதற்குச் சாட்சியாக ஓரங்களில் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நடுவில் முழுக்கக் கல்லும் பள்ளமும். பெரிய பள்ளங்களுக்கு டிரைவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். ‘பல்லாட்டி’ வரும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாக்குக் கடிபடும். ‘அரிசிமூட்டை’ என்ற பள்ளத்தில் யாருடைய அரிசி மூட்டை விழுந்தது என்பதில் மட்டும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அந்தப் பள்ளங்கள்தான் ஸ்டாண்டில் இருந்த ஜீப்புகளுக்கெல்லாம் சோறு போட்டன. ரோடு நன்றாக இருந்தால் டூரிஸ்ட்கள் தங்கள் காரிலேயே ஏறிப் போய்விடுவார்கள், ஜீப்பை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால் சர்க்கார் ஆள் யார் வந்து கேட்டாலும் ரோடு நல்ல ரோடு என்றே சொல்ல வேண்டும் என்று, ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாதா சிலை இருந்த கெபிக்கு முன்னால் எல்லோரும் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் என் மாமா, அம்மாவுடைய அண்ணன். பொய் சொல்வதற்கு மாதாவைச் சாட்சி வைத்தது பற்றி அவருக்கு ஒரு கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் தலையாட்டியவர்தான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், பேச்சு குறைவு.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வயிற்றில் தம்பி இருந்தான். அவனுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஒரு குழந்தை, ஒரு மழைநாளில் அப்பாவின் ஜீப்பில் அம்மா ஆஸ்பத்திரிக்கு இறங்கியபோது வராமலே போயிற்று. எனக்கு அன்று சொல்லப்பட்டது அம்மாவுக்கு வயிற்றுவலி என்பதுதான். டாக்டர் ரோட்டைக் குறை சொல்லவில்லையாம். இப்படி ஆவது உண்டு, காரணம் சொல்ல முடியாது என்றாராம். அம்மாவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த ரோட்டில் வண்டி ஏறவில்லை.

அதனால் மாதாந்திர செக்கப்புக்கு எங்கள் வீட்டு ஊர்வலம் விசித்திரமாகப் புறப்படும். அம்மா நடப்பாள். அப்பா காலி ஜீப்பை அவளுக்கு முன்னால் ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு போவார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வேன். ரோடு சமமாகும் இடம் வந்த பிறகுதான் அம்மா ஏறுவாள். கொழுந்து கிள்ளும் பெண்கள் மேலேயிருந்து, “ஏன் மதினி, வண்டிக்குப் பிரேக் இல்லன்னு காவலுக்கு நடக்குறீகளா?” என்று சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தபடியே ஓட்டுவார்.

அப்படி இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பல்லாட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண்ணும் ஒரு பையனும் நின்று வண்டிகளை மறித்தார்கள். கழுத்தில் காலேஜ் அட்டை தொங்கியது. ரோட்டைப் பற்றி ஓட்டுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் போனில் பதிந்துகொள்ள வந்திருந்தார்கள். மேலே ஏற வந்த மாமாவின் ஜீப் எங்களுக்கு எதிரே நின்றிருந்தது. பின்னால் டூரிஸ்ட் யாரும் இல்லாததால் மாமா தாராளமாக இருந்தார்.

அந்தப் பெண் மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள். “சேட்டா, ஈ ரோட்டுக்கு அஞ்சுல எத்தன மார்க் கொடுப்பீங்க? ஒண்ணுன்னா ரொம்ப மோசம். அஞ்சுன்னா ரொம்ப நல்லது.”

“அஞ்சு” என்றார் மாமா. “வேணும்னா ஆறுகூடப் போட்டுக்கோங்க மேடம்.”

ஆறு கிடையாது என்று சிரித்துவிட்டு அவள் எங்கள் பக்கம் வந்தாள். அதே கேள்வியை, அதே விளக்கத்தோடு அப்பாவிடமும் கேட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் அம்மா ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்துகொண்டிருந்தாள்.

“ஒண்ணு” என்றார் அப்பா.

“ஒண்ணா?”

“ஒண்ணு.”

மாமா ஜீப்பிலிருந்து குதித்தே விட்டார். “மேடம், மேடம்! ஒண்ணாம் நம்பர் ரோடுன்னு சொல்றாரு. எங்க ஆளுக நல்ல சாமானை ஒண்ணாம் நம்பர்னுதான் சொல்லுவோம். அஞ்சுன்னு போட்டுக்கோங்க. மாப்ள, சொல்லுங்க மாப்ள!”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கியரைப் போட்டார். அவர் சொன்னதைத்தானே பதிய முடியும் என்று அவள் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அதற்குள் அம்மா எங்களைத் தாண்டி முன்னால் போயிருந்தாள்.

அன்று சாயங்காலமே ஸ்டாண்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாமா நடித்துக் காட்டினார், அப்பா ‘ஒண்ணு’ சொன்ன மாதிரியும், தான் தலையில் அடித்துக்கொண்ட மாதிரியும். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாக!” என்று முடித்தார். அப்பாவுக்கு ‘ஒண்ணாம் நம்பர்’ என்று பெயர் நிலைத்தது. ஸ்கூலில் என்னையும் சில பையன்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஐந்து வரைக்கும் எண்ணத் தெரியாத அப்பா எனக்கு மட்டும் ஏன் வாய்த்தார் என்று அழுதிருக்கிறேன். அப்பா யாருக்கும் எதையும் விளக்கவில்லை. கேலி செய்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அதற்கும் அம்மா நடந்துதான் இறங்கினாள், பத்து நாள் முன்பாகவே மூணாறில் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டாள். ரோட்டு வேலை அதற்கப்புறம் வெகுகாலம் கழித்துத்தான் ஆரம்பித்தது. தம்பி அப்போது ஓடவே தொடங்கிவிட்டான். ஒரு டிரைவர் சொன்ன ஒற்றை எண்ணுக்காக சர்க்கார் மலைமேல் தார் ஊற்றுமா என்று ஸ்டாண்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. ரோலர் உருண்டது அப்பா வாயால்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. பல்லாட்டி, அரிசிமூட்டை எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போயின.

மாமா பயந்தபடியே நடந்தது. கார்கள் போன் மேப்பைப் பார்த்துக்கொண்டு தாங்களே ஏறிப் போயின. ஜீப்புகள் வெயிலில் வரிசையாக நின்றன. சிலர் டாக்சிக்கு மாறினார்கள். மாமா வியூ பாயிண்டில் சோளம் சுட்டு விற்றார், அதில் ஜீப்பைவிட நல்ல வருமானம் என்பதை மட்டும் அப்பாவிடம் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு மீனாட்சிபுரத்தில் பால் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வர முடியும் என்றார்கள்.

அவர் புறப்பட்ட அன்று நாங்கள் எல்லோரும் அவரோடு பஸ் ஏறும் இடம் வரைக்கும் ஜீப்பில் போனோம். உடுமலைப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திரும்ப வண்டியை எடுத்து வர மாமா பின்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா லயத்து வாசலிலேயே ஏறினாள். முன் சீட்டில், மடியில் தம்பியோடு. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஜீப் கீழே இறங்கிச் சேரும் வரைக்கும் அவன் கண் திறக்கவில்லை.

பஸ் வர நேரமிருந்தது. அம்மாவும் மாமாவும் கடைப்பக்கம் போயிருந்தார்கள். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. “அன்னைக்கு அஞ்சுன்னு சொல்லிருந்தா நீங்க இங்கயே இருந்திருக்கலாம்லப்பா?” என்று கேட்டேன்.

“அஞ்சுன்னா நல்ல ரோடுன்னு ஆயிரும்ல பாப்பா” என்றார் அப்பா. “அந்தக் காலேஜ் புள்ள தெளிவாத்தான் சொல்லுச்சு.”

தெரியாமல் உளறிவிட்டவர்கள் பின்னால் இப்படித்தான் தெரிந்தே சொன்ன மாதிரிச் சமாளிப்பார்கள், நானே கணக்குப் பரீட்சைக்குப் பிறகு அப்படிச் செய்திருக்கிறேன். ஊருக்குப் போகிற மனிதரை மேலும் கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, பெருந்தன்மையாக அவரை மன்னித்து விட்டுவிட்டேன்.