ஒத்தையாளின் கோட்டைக்கு ரெண்டு சாட்சி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகத்திலேயே பிடிக்காத பொருள், லிஃப்டுக்குள் இருக்கும் அந்த அபாய மணிப் பொத்தான். இருபது வருஷமாக அது அடிக்கும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பாதி நேரம், உள்ளே இருந்த புண்ணியவான் கதவில் சாய்ந்துகொண்டே கதவு திறக்கவில்லை என்று அலறியிருப்பான். "கொஞ்சம் தள்ளி நின்னா தானாத் திறந்திருக்குமே சார்" என்று சொல்லிச் சொல்லி மனுஷனுக்கு ஒரு தத்துவமே பிறந்துவிட்டது. உதவி கேட்கிறவன் எல்லாம் சோம்பேறி.

வீட்டில் மனைவி இந்தத் தத்துவத்தைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அதனால் ஆன்லைனுக்குக் கொண்டுபோனார். கோட்டை கட்டும் ஒரு விளையாட்டு. பதினோரு வருஷமாக அங்கே அவர் பெயர் ஒத்தையாள். நாற்பது கோபுரம், ரெண்டு அகழி, ஒரு யானைக் கொட்டடி. ஒரு கல்கூட யாரிடமும் கேட்டு வாங்கியதில்லையாம். நூற்றுச் சொச்சம் பேர் இருந்த குழுவுக்கு ஐயாதான் பெரியவர். புதிதாக வந்த அப்பாவி யாராவது "கதவை எப்படிங்க திறக்கறது?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"கண்ணு என்ன அலங்காரத்துக்கா வெச்சிருக்கீங்க? முதல் பக்கத்தைப் படிங்க!"

திட்டித் திட்டி விரல் வலித்ததால் ஒரு தானியங்கியையும் எழுதி வைத்தார். குழுவுக்கு வந்து ஒரு வாரம் ஆகாதவர் 'உதவி' என்று எழுதினால், அது அந்தச் செய்தியை அழித்துவிட்டு, "முதலில் நீங்களே முயற்சி செய்யுங்கள்" என்று போடும். என்ன ஒரு சமூக சேவை!

இதற்கெல்லாம் குறுக்கே நின்றது 'சும்மாவந்தேன்' என்ற பெயரில் ஆடும் ஒரு பெண். யார் தடுமாறினாலும் போய்க் கை கொடுப்பாள். எல்லோருக்கும் அக்கா. "இப்படி ஊட்டி ஊட்டியே கெடுங்க" என்று மூன்று வருஷமாக அவளோடு மல்லுக்கட்டினார். அவள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அதில் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் போனுமாக யாரையோ திட்டி எழுதிக்கொண்டிருந்தார். போன் வழுக்கிக் குழிக்குள் போனது. பன்னிரண்டு மாடி ஆழம். கீழே போய்ப் பொறுக்கியதை ஒரு டீ டம்ளரில் போட்டிருக்கலாம்.

அன்றைக்கே புதுப் போன் வாங்கினார். விளையாட்டு பாஸ்வேர்டைக் கேட்டது. பதினோரு வருஷத்துக்கு முன் போட்டதை எந்த மகராசன் ஞாபகம் வைத்திருப்பான்? கொடுத்திருந்த ஈமெயிலோ பழைய வேலையோடு போய்விட்டது. கம்பெனிக்கு எழுதினார். குழுவின் பழைய உறுப்பினர் இரண்டு பேர் 'இவர்தான் அவர்' என்று வியாழன் மாலை ஆறு மணிக்குள் சாட்சி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோட்டை தரைமட்டம் என்று பதில் வந்தது. பதினோரு வருஷம் ஐயா!

புது ஆளாகப் பதிந்துகொண்டு குழுவுக்குள் போனார். "நான்தான் ஒத்தையாள். ஒரு உதவி" என்று எழுதினார். செய்தி மாயமாயிற்று. முதலில் நீங்களே முயற்சி செய்யுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சொல்லை விட்டுவிட்டு மறுபடி எழுதினார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஒத்தையாள் அண்ணன் உயிரே போனாலும் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டார். யாருடா நீ, திருட்டுப்பயலே?"

"அறிவு கெட்டவங்களா! கண்ணு என்ன அலங்காரத்துக்கா வெச்சிருக்கீங்க?" என்று பொரிந்து தள்ளினார்.

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பிறகு ஸ்கூல் பஸ் ஓட்டும் ஓர் ஆள் அவருக்குத் தனியாக எழுதினான். "அண்ணே, நீங்களேதான். இந்தத் திட்டு வேற யாருக்கும் வராது. நான் சாட்சி போட்டுட்டேன்."

"மத்தவங்களுக்குப் புரியலையாப்பா?"

"புரிஞ்சிருச்சுண்ணே. அதான் மூச்சு விடாம இருக்காங்க. நீங்க சும்மாவந்தேன் அக்காகிட்ட கேளுங்க."

அவளிடமா? தலையே போனாலும் மாட்டேன் என்று இரண்டு நாள் வீராப்பாக இருந்தார். வியாழன் ஐந்தரை மணிக்கு வீராப்பு இறங்கிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். "அம்மா, நான் ஒத்தையாள். தப்பா நினைக்காதீங்க. ஒரு சாட்சி வேணும்."

எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் போன் சிணுங்கியது. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவர் "தயவுசெஞ்சு" என்று இன்னொன்று அனுப்பினார். மறுபடி சிணுங்கியது. மனுஷன் தலை நிமிர்ந்தார்.

"நீயா?"

"நான்தான்."

"எப்போ கத்துக்கிட்டே?"

"மூணு வருஷம் ஆச்சு. எந்நேரமும் அதுலயே கெடக்கறீங்களே, நாமளும் கூட ஆடலாமேன்னு, கதவை எப்படித் திறக்கறதுன்னு இதே மேஜையில கேட்டேன். நீயே பாத்துக்கோன்னீங்க. பாத்துக்கிட்டேன்."

அவள் கேட்டது அவருக்குத் துளிக்கூட ஞாபகம் இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"தப்புதான். ஒரு உதவி பண்ணேன்" என்றார். இந்தத் தடவை அந்தச் சொல்லை யாரும் அழிக்கவில்லை.

அவள் கடைசித் துண்டையும் மடித்து வைத்துவிட்டுக் கம்பெனியின் படிவத்தைத் திறந்தாள். இவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டிருந்தது. கீழே மூன்று கட்டம்: நன்றாகத் தெரியும், ஓரளவு தெரியும், தெரியாது.

"நல்லாத் தெரியும்னு போடு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சே" என்றார்.

அவள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். 'ஓரளவு' என்பதைத் தொட்டாள். கம்பெனிக்கு அதுவே போதுமாம்.