ஒட்டாத மூலக்கூறு

கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு என் ஆராய்ச்சி ஒரு லேப்டாப்புக்குள் சுருங்கிவிட்டது. கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட். வீட்டில் இருந்தால் தூங்குவார், விழித்தால் கிளம்பிவிடுவார். பேச ஆளில்லாமல் நான் மூலக்கூறுகளோடு பேசிக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வாய்விட்டே பேசினேன்.

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் ஒரே குழாயில் லட்சக்கணக்கான செயற்கை மூலக்கூறுகளைத் துண்டு துண்டாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு துண்டைப் போடும்போதும் அதற்கான டி.என்.ஏ. துணுக்கையும் சீட்டு மாதிரி ஒட்டிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தை ஒரு நோய்ப் புரதத்தின் மேல் ஊற்றிக் கழுவினால், ஒட்டியது நிற்கும், மற்றது போய்விடும். நின்றது எது என்று சீட்டைப் படித்துச் சொல்வது என் வேலை.

நின்றது இதுதான் என்று நான் ஒரு மூலக்கூறைச் சொன்னேன். மூன்று துண்டு கொண்டது. அதைச் சீட்டில்லாமல் தனியாகச் செய்து பார்த்தார்கள். ஒட்டவே இல்லை.

"இந்த மாசத்தோட இதை மூடிடலாம்மா" என்றார் போனில் ஆய்வக மேலதிகாரி. இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்னதான் செய்வது? பயமாக இருந்தது.

மறுநாள் கணவர் வெகுநேரம் தாமதமாக, கரி படிந்த சட்டையோடு வந்தார். கன்வேயர் பெல்ட்டில் சூட்டில் வேகவைத்து ஒட்ட வேண்டிய ஜாயின்ட் பிரிந்துவிட்டதாம். ஷூவைக்கூடக் கழற்றாமல், முந்தைய ஷிப்டில் இருந்தவரிடம் போனில் கத்தினார். "ஜாயின்ட் வேகவே இல்ல. ரிஜிஸ்டர்ல முடிஞ்சதுன்னு எழுதி வச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டீங்களாய்யா?"

தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றேன். எங்கள் சீட்டும் ரிஜிஸ்டர்தானே? மூன்றாவது துண்டைப் போட்டோம் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அது சேர்ந்ததா என்று தெரியாது. சேராமலே போயிருந்தால், புரதத்தில் ஒட்டி நின்றது வெறும் இரண்டு துண்டுதான். தோசை தீய்ந்தது. 'மூன்றாவது துண்டு இல்லாமல் செய்து பாருங்கள்' என்று அன்றே ஆய்வகத்துக்கு எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகலில் பதில் வந்தது. ஒட்டுகிறது. வேலை தொடரும்.

படுக்கையறைக்கு ஓடினேன். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் முகம்வரை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு முறை கூப்பிட்டேன். "ம்" என்று புரண்டு படுத்தார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக் குறிஞ்சிப்பாடிக்கார அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, சமையல் முடிஞ்சிடுச்சுங்களா?"

"முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன். அடுப்பை இன்னும் பற்றவே வைத்திருக்கவில்லை.