சிவப்பு நீர்மட்டம்

ரோஜா சிரப் கலந்த தண்ணீரை நீளமான பிளாஸ்டிக் குழாயில் நிரப்பி, ஒரு முனையைப் பட்டறைத் தூணில் கட்டுகிறார் லான் ஜே. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தரையில் பதித்த நான்கு இரும்புத் தட்டுகளுக்கும் போகிறார். காரின் சக்கரங்கள் வந்து நிற்கும் இடங்கள் அவை. ஒவ்வொன்றின் அருகிலும் குந்தி, சிவப்பு நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கிறார். குழாயைச் சுண்டிக் குமிழியை விரட்டிவிட்டு மறுபடியும் பார்க்கிறார். பிறகு சுவரில் தொங்கும் குதிரைப் படம் போட்ட நாட்காட்டியில், அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் எழுதுகிறார்: இடது முன் 2.

அந்த மூலை இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பொருள். மலேசியாவின் பத்து காஜா ஊரில் எங்கள் கடைவரிசை முழுவதும் ஈயம் தோண்டிய குளத்தைத் தூர்த்து எழுப்பியது. பெருமழை பெய்தால் தரை ஏதாவது ஒரு பக்கம் உட்காரும். லான் ஜே தட்டின் அடியில் தகரத் துண்டுகளைச் செருகி மட்டத்துக்குக் கொண்டுவருவார். "கீழ கொளம் இன்னும் தூங்கல. அது பொரண்டு படுத்தா நமக்குத்தான் வேல," என்பார்.

முழுப்பெயர் யிப் சூக் லான். ஐம்பத்து மூன்று வயது. பேட்மிண்டன் காலணி, முழங்கை வரை கிரீஸ், கொண்டையில் துணி மாட்டும் கிளிப். பந்தயத்துக்காக நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றிக் கட்டிய கார்களைத் தைப்பிங்கிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும், சக்கரங்களைச் சரிசெய்ய இவரிடம் ஓட்டி வருகிறார்கள். ஜே என்றால் அக்கா. ஆன்ட்டி என்று கூப்பிட்டவர்களின் கார் வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

வண்டிக்காரர் தன் இருக்கையில், தலைக்கவசத்தோடு உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஆள் ஏறினால் ஸ்பிரிங் இறங்கும், ஸ்பிரிங் இறங்கினால் சக்கரத்தின் சாய்வு மாறும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசு. லான் ஜே எடையை உரக்கப் படிப்பார். மாடியில் குடியிருக்கும் எனக்கே ஊர் வாலிபர்கள் பலரின் எடை தெரியும். அதன் பிறகு காரின் இருபுறமும் தூண்டில் நரம்பைக் கட்டி, உருக்கு அளவுகோலை வைத்து, ஸ்பேனரைக் கால் திருகு திருப்புவார். அளப்பார். அந்தக் கால் திருகில் பாதியைத் திரும்ப அவிழ்ப்பார்.

இவ்வளவு செய்பவருக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும். இரண்டு வளைவு போதும். சோதனை ஓட்டத்துக்கு ஏறும்போது, குமட்டலை அடக்க, காகிதத்தில் சுற்றிய அசாம்போய் ஒன்றை எடுத்துக்கொள்வார். சுருங்கிய அந்த உப்புப் பழம் எத்தனையாவது வளைவில் வாய்க்குள் போகிறது என்பதை வைத்தே வேலை எவ்வளவு பாக்கி என்று சொல்லிவிடுவார். "ஒங்க அப்சார்பர விட என் வயிறு நேர்மையானது," என்பார். மலை உச்சிவரை பழத்தைப் பிரிக்காமல் வந்த கார் எதுவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சம்சூரி வந்தார். தீயணைப்புப் படையில் வேலை. அவருடைய வெள்ளை வீரா காரின் அடியில் ஜப்பானியக் கார் ஒன்றின் எஞ்சினும் இழுவையும் புகுந்து மூன்று வருடம் ஆகிறது. மாதத் தொடக்கத்தில் லான் ஜேதான் சக்கரங்களைச் சரிசெய்து அனுப்பியிருந்தார். அந்தக் கார் போன வாரப் பயிற்சியில் ஒரு வளைவில் நேராகப் போய்க் கால்வாயில் இறங்கிவிட்டது. முன் பம்பரைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார். வரும் ஞாயிறு, சுண்ணாம்புக் குன்றின் மேல் ஏறும் பந்தயம். இன்னொரு முறை கார் இழுவை லாரியில் வீடு வந்தால் விற்றுவிட வேண்டும் என்று மனைவி நோர்லிடா சொல்லிவிட்டாராம். சம்சூரி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் காரின் கூரையை விட்டு எடுபடவில்லை.

"எடது வளைவுல நெனச்ச எடத்துல திரும்புது ஜே. வலதுல மூக்கு நேரா போவுது. என் கைதான் போயிடுச்சோ?"

காத்திருந்த ஐந்தாறு பேரில் பத்ருல் என்பவர், பந்தயக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், நூல் கட்டி அளக்கும் லான் ஜேக்கு 'நூல் பாட்டி' என்று பெயர் வைத்தவர். "கையும் போச்சு, நூலும் போச்சு. ஈப்போவுல லேசர் மெஷின் இருக்கு, அங்க கொண்டு போ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இதற்கெல்லாம் உடனே திருப்பிக் கொடுப்பவர் லான் ஜே. அன்றோ, "வலதுல மட்டுமா?" என்று கேட்டுவிட்டு நாட்காட்டியிடம் போனார். ஐந்தாம் தேதிக் கட்டம் வெறுமையாக இருந்தது. ஆறாம் தேதியில்: இடது முன் 9.

ஐந்தாம் தேதி சிங்மிங், சீனர்கள் முன்னோரை வணங்கும் நாள். குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டி, படையல் வைத்து, பதினொரு மணிக்குத்தான் பட்டறைக்கு வந்தார். அதற்கு முன் இரண்டு நாள் மழை. வாசலில் மூன்று கார்கள்; சக்கர வேலைக்கு வந்தது சம்சூரியுடையது மட்டும். அன்று ஒருநாள் குழாயை எடுக்கவில்லை. மறுநாள் ஒன்பது மில்லி இறக்கத்தைப் பார்த்துத் தட்டைச் சரிசெய்தார். முந்தின நாள் அதன்மேல் நின்றுவிட்டுப் போன கார் நினைவுக்கு வரவில்லை.

லான் ஜே குழாயை எடுத்து மட்டம் பார்த்தார். வீராவைத் தராசுகளில் ஏற்றினார். சம்சூரி தலைக்கவசத்தோடு உட்கார்ந்தார். இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் சேர்ந்து, மற்ற இரண்டையும்விட முப்பது கிலோ கூடுதலாகத் தாங்கின. ஐந்தாம் தேதி, கோணி நின்ற தரைக்குத் தகுந்தபடி காரையும் கோணலாக உயர்த்தியிருக்கிறார். அதனால்தான் வலது வளைவில் மூக்கு திரும்பவில்லை.

எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அஞ்சாந்தேதி நான் கொழா புடிக்கல. தரை எறங்கிக் கெடந்துச்சு. ஒன் கை நல்லாத்தான் இருக்கு சம்சூரி. தப்பு என்னோடது."

குரல் தாழவில்லை, தலையும் குனியவில்லை. இரும்புத் தட்டின்மேல் நிற்பதுபோல நின்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

பத்ருல்தான் அருகில் வந்து மெதுவாக, "கம்முனு சரிபண்ணி அனுப்பியிருக்கலாமே ஜே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். அதில் கேலி இல்லை.

"ஞாயித்துக்கெழம வலது பக்கம் வண்டிய திருப்பப்போறது அவன். கை மேல சந்தேகத்தோட திருப்பணுமா?" என்றார் லான் ஜே. பிறகு, "குரூப்புல போடு. என் பேரப் போட்டே போடு. நூல் பாட்டின்னு போட்டாலும் சரி."

அன்று கடை மூடும்வரை அந்த ஒரு கார்தான். குழாயை மேலும் இரண்டு முறை பிடித்தார். நான்கு ஸ்பிரிங்குகளையும் தளர்த்தி, முதலிலிருந்து தொடங்கினார். சம்சூரியின் எடையைப் படித்து, "எம்பத்தொண்ணு. நோன்பு மாசத்துல எழுபத்தேழு. ராயா பெருநாளுக்கு எத்தன வீட்டு ரெண்டாங் கறி தின்ன?" என்று கேட்டபோது சிரிப்பு திரும்பி வந்தது. தூண்டில் நரம்பின் ஒரு முனையைப் பிடிக்க பத்ருல் தானாகவே குந்தினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சோதனை ஓட்டம். பந்தயம் நடக்கும் அதே குன்றுப் பாதை. பதினாறு வளைவு, ஒன்பது வலது. டப்பாவிலிருந்து ஒரு அசாம்போயை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு லான் ஜே ஏறினார். நாங்கள் வாசலில் காத்திருந்தோம். அரைமணி நேரத்தில் வந்திருக்க வேண்டியவர்கள், ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. கால்வாயாக இருக்குமோ என்று பத்ருல் சாலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியில் வீரா வந்தது. பால்காரர் வண்டியைப்போல மெல்ல வந்து, தரையில் பதித்த தட்டுகளின்மேல் சத்தமில்லாமல் நின்றது. நாங்கள் ஓடிப்போக, சம்சூரி எஞ்சினை அணைக்காமல் உதட்டில் விரலை வைத்தார். பக்கத்து இருக்கையில், பாதுகாப்புப் பட்டைக்குள் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, லான் ஜே தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் விரிந்து கிடந்த கையில் அசாம்போய், சுற்றிய காகிதம் பிரியாமல்.