பதினோரு கண்ணிகள்

எங்கள் வீட்டு ஆண்கள் ஒல்லிகள் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. இடுப்பும் தொடையும் பெருத்த அத்தையைத்தான் குண்டு என்று கேலி செய்வோம். அப்பாவுக்குக் கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் வேட்டிக்கு மேல் தனியாக நிற்கும். அதற்குச் செழிப்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

தாத்தா இடுப்பிலிருந்து அப்பா இடுப்புக்கு வந்தது ஒரு வெள்ளி அரைஞாண்கொடி. இறுகும்போதெல்லாம் காரைக்குடி ஆசாரியிடம் போய் ஒரு கண்ணி சேர்த்துக்கொண்டு வருவார். அறுபதுகளில் ஒரு தை மாதம், களத்து மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கொடியை அண்ணனுக்கு அளவு குறைக்க நானும் கூடப் போனேன். ஆசாரி கண்ணிகளைக் கழற்றி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“தம்பி, ஒங்க தாத்தா போனப்பயும் பதினொண்ணுதான் கழட்டுனேன்.”

வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் சொன்னேன்.

அண்ணனுக்கு நாற்பது நெருங்கும்போது வயிறு வைத்தது. ஐந்தாவது கண்ணி, எட்டாவது கண்ணி. அம்மா அவர் சாப்பிடுவதைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்தாள். பதினொன்றாவதைச் சேர்த்துக்கொண்டு வந்த அன்று அவள் சோறு இறங்காமல் அழுதாள். மறுநாள் காலை அண்ணன் கொடியையே கழற்றிக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார்.

“இப்பத்தாண்டா மூச்சு விட முடியுது” என்று சிரித்தார். நாங்களும் நிம்மதியாகச் சிரித்தோம்.

மூன்று வருஷம் கழித்து இன்சூரன்ஸுக்காக ஒரு டாக்டரிடம் போனோம். அண்ணனின் தொப்புளைச் சுற்றி டேப்பை வைத்தவர் முகம் மாறியது.

“கை கால் ஒல்லியா இருக்குன்னு ஏமாந்துறாதீக. இடுப்புலயும் தொடையிலயும் இருக்கிற கொழுப்பு அவ்வளவு கெடுதல் பண்ணாது. வயித்துக்குள்ள ஈரலையும் குடலையும் சுத்தி அப்பிக்கிறதுதான் சர்க்கரையையும் மாரடைப்பையும் கொண்டாரும். சோத்தக் கொறச்சு, நல்லா நடங்க. வீட்டுல யாரும் இதுக்கு முந்தி வயித்த அளந்து பாத்ததுண்டா?”

“இல்லீங்க” என்றார் அண்ணன்.

அந்த அறையில் எனக்குப் புரிந்துவிட்டது. எமனைத் தொலைத்ததாக நினைத்து, எங்களை எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே பொருளை உண்டியலில் போட்டிருக்கிறோம். வெளியே வந்து சொன்னேன். “போடா, கொடிதான் போயிருச்சுல்ல” என்று அண்ணன் சைக்கிளை எடுத்தார். கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பெரியவரிடம் எப்படி என்று கூசினேன். அந்தக் கூச்சத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த ஆடியில் அண்ணனும் மாரடைப்பில் போனார். குளிப்பாட்டிய பங்காளி, வழக்கப்படி அரைஞாணை எடுக்க இடுப்பைச் சுற்றித் தடவினார். விரல்கள் வயிற்றின் மேல் ஒரு சுற்று போய் வந்தன.

“கொடி எங்கப்பா?”

மூன்று தலைமுறை ஆண்களுக்கு ஒப்பாரி வைத்துவிட்ட எங்கள் குண்டு அத்தை மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

என் கை தானாக என் வயிற்றுக்குப் போனது. அண்ணனின் வயிறு அங்கே இருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு கறுப்புக் கயிறு வாங்கி இடுப்பில் கட்டினேன். இறுகினால் நான் அதை அவிழ்ப்பதில்லை. தட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டு, சாக்கோட்டை வரை நடந்துவிட்டு வருகிறேன்.