பாடமாக்கிய பத்துச் சொற்கள்

உயர் இரத்த அழுத்தமும் மறதியும் ஒரே வருடத்தில் எனக்குக் குடிவந்தன. அழுத்தத்தை மெஷின் சொன்னது. மறதியை மனைவி சொன்னா.

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், இரண்டுக்கும் உதவுமா என்று பார்க்க, ஒரு பெப்டைட் ஹோர்மோன் ஊசியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஊசிக்குள் இருப்பது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்று எனக்கும் தெரியாது, குத்துகிற நேர்ஸுக்கும் தெரியாது. ஆனாலும் சேர்ந்தேன். எழுதிப் பிழைக்கிறவன் நான். கொஞ்ச நாளாகச் சொற்கள் வாய் வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அது வயசா, வியாதியா என்று யாராவது அளந்து சொன்னால் போதும் என்றிருந்தது.

நேர்ஸ், லண்டன் கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்த எங்கட தமிழ்ப் பிள்ளை. பத்துச் சொற்களை வாசித்தா. இருபது நிமிடம் கழித்து நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலைச் சொன்னேன். மிச்சம் ஆறும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஆறுதலாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். கேள்வித்தாள் கையில் இருக்கும்போது பாடமாக்காமல் விடுவது எங்கள் ஆட்களுக்கு ஏலாத காரியம்.

மூன்று கிழமை மனைவிதான் பரீட்சை அதிகாரி.

"குடை, கதிரை... அடுத்தது?"

"பொறும், வருது."

"வராது. முதல்ல இருந்து சொல்லுங்கோ. ஏ.எல். சோதினை இப்பிடித்தான் பாஸ் பண்ணினீங்களோ?"

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் அதே பட்டியல். பத்துக்குப் பத்து; வரிசைகூடப் பிசகவில்லை. "வாவ், அங்கிள்!" என்றா பிள்ளை. என் மூளைக்கு என்ன நடக்கிறது என்று அறியத்தான் வந்தேன். இப்போது அது ஒருவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, இந்தப் பத்தை நம்பி நாளைக்கு வேறு யாருக்கோ ஊசி போடுவார்கள்.

"பிள்ளை, நான் பாடமாக்கிக்கொண்டு வந்தனான்."

"ஹோம்வேர்க் மாதிரியா?"

"ஓம்."

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "எங்கட அப்பா கண் டெஸ்டுக்கு முதல் அந்த எழுத்துச் சார்ட்டைப் பாடமாக்கினவர். பாஸ். அடுத்த நாள் படியில விழுந்தவர்."

பிறகு முகம் மாறி, டொக்டரிடம் போனா. என்னை நிறுத்திவிடுவார்கள் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். திரும்பி வந்தபோது கையில் வேறு பட்டியல்.

"இண்டைக்குச் சொன்னது கணக்கில இல்ல. கோட்டைக் கழட்டுங்கோ. நீங்கள் சொன்னதுக்கு டொக்டர் தாங்க்ஸ் சொல்லச் சொன்னவர்."

கள்ளம் செய்து நன்றி வாங்கியது அதுதான் முதல் தடவை.

புதுச் சொற்கள் பத்து. இருபது நிமிடம். ஏழு சொன்னேன். இந்த வயதுக்கு அது சாதாரணம்தான் என்று டொக்டரே வந்து சொன்னார். அந்த மனிதரையும் பிள்ளையையும் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. பிரஷர் ஏறும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் நின்று மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஏழு. பாடமாக்காமல். மறதி வியாதி ஒண்டும் இல்லையாம்."

மறுபக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மூன்று கிழமையாக என்னைக் குடைந்தெடுத்தவ என்னைவிடப் பயந்திருக்கிறா.

"சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டா.