என் காய்ச்சலும் அப்பாவின் சாட்சியும்

நீ ஏன் கிறிஸ்தவள் என்று யாராவது கேட்டால், மற்றப் பிள்ளைகள் மாதிரி "எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான்" என்று நான் சொன்னதில்லை. எனக்கென்று சொந்தமாக ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் டைபாய்டு வந்து கண் திறக்காமல் கிடந்தேனாம். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்களாம். அப்பா கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபித்தார், நான் பிழைத்தேன். விளாங்குடியில் எங்கள் சின்ன சர்ச்சில், வருஷா வருஷம் கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமையில், இதை எழுந்து நின்று சொல்வேன். சொல்லிக்கொடுத்தவர் அப்பா. "கர்த்தரைத் தவிர வேறு யாரையும் நாங்கள் தேடவில்லை" என்று முடிக்க வேண்டும். அந்த இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார், தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். அம்மா அவனியாபுரத்து விவசாய வீட்டுப் பெண். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். பொங்கலன்று பக்கத்து வீட்டில் இருந்த என் தோழி தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருவாள். "சாமிக்குப் படைச்சது, நமக்கு ஆகாது. திருப்பிக் குடுத்துட்டு வா" என்பார் அப்பா. கொண்டுபோய்க் கொடுப்பது நான். ஒரு வருஷம் அவள் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை. விசுவாசத்துக்காகப் பட்ட பாடு என்று அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டேன், கூறுகெட்டவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடந்தது. இனி நானும் நற்கருணை வாங்கலாம். வீட்டில் பிரியாணி. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, சாப்பிட்டுக்கொண்டே என் பின்னலைப் பார்த்துச் சிரித்தார்.

"மொட்ட போடயில மாமா மடியில ஒக்காந்து அம்புட்டு அழுக அழுத. கருப்பசாமிக்கு நேந்துக்கிட்ட முடில்ல இது."

"காய்ச்சல்ல கொட்டுச்சுன்னுதான மாமா மழிச்சாங்க?"

"அட, போடி. கெடாவப் பிடிச்சுக் கொண்டாந்ததே ஒங்கப்பாதான். கறியும் தின்னாரு."

மாமா கிளம்பியதும் நேராக அப்பாவிடம் போய்க் கேட்டேன். அம்மா அடுப்படிக்குள் நழுவிவிட்டாள்.

"நீ கண்ணே தெறக்கலம்மா. அன்னைக்கு எவன் கால்ல விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நேர்ந்துகொண்டதை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன். அவர்மேல் பாசம்கூட வந்தது.

"அப்ப என்னைய ஏன் பொய் சொல்ல வச்சீங்க? பக்கத்து வீட்டுப் பொங்கல ஏன் திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க?"

"வார ஞாயித்துக்கெழம சாட்சி இருக்கு. இதெல்லாம் அங்க பேசாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வழக்கம்போல என் பக்கம் பார்த்தார். நான் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் வரிசையிலிருந்து அப்பா திரும்பி முறைத்தார். நான் அசையவில்லை. அப்போது அவரே எழுந்தார். உண்மையைச் சொல்லத்தான் எழுகிறார் என்று நம்பினேன். அப்படி நம்பியதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் காய்ச்சல் கதையை அவர் சொன்னார், எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தை பிசகாமல். "கர்த்தரைத் தவிர வேறு யாரையும் நாங்கள் தேடவில்லை" என்று முடித்தபோது என்னைத்தான் பார்த்தார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. பக்கத்தில் இருந்த அம்மாவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

இப்போதும் சர்ச்சுக்குப் போகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் என்கிறேன்.