பதினான்கு படங்களின் தேதி

எங்கள் கம்பெனியில் நல்ல யோசனை சொல்பவர்களுக்கு ஹாட்பாக்ஸ் தருவார்கள். நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன், படங்களுக்குத் தேதி ஏற்றியதற்காக.

ஒரகடம் சாலையில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. பாதுகாப்புப் பிரிவில் நான் ஜூனியர். மாதம் ஒருமுறை எல்லா மெஷினையும் படம் எடுத்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், உள்ளே கேமரா என்றால் என்னுடையது ஒன்றுதான். மெயிலில் அனுப்பப் படங்களைச் சுருக்கினால் எடுத்த தேதியும் நேரமும் அழிந்துபோகும். ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற எவனுக்குப் பொறுமை? இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன புரோகிராமைப் பிடித்து, கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுதினேன். பழைய ஃபோல்டரில் இருக்கும் படத்தின் விவரங்களை, புது ஃபோல்டரில் அதே பெயருள்ள படத்துக்குள் அது ஏற்றிவிடும். இருநூறு படமும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மேடையில் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் படம் எடுக்கப் போனபோது பிரஸ் மெஷின் ஒன்றில் கை உள்ளே போகாமல் காக்கும் கம்பி வலைத் தடுப்பு இல்லை. வலை இருந்தால் வேலை மெதுவாகிறது என்று சூப்பர்வைசர் கழற்றி வைக்கச் சொன்னாராம். அதை ஓட்டியவன் பரமக்குடிப் பக்கத்துக்காரன், கான்ட்ராக்ட் ஆள். என்னையும் ஒண்ணு எடுங்க சார் என்று, புது பைக்கில் கை வைப்பது போல மெஷின் மேல் வலது கையை வைத்து நின்றான். அந்த மெஷினை எடுத்த பதினான்கு படத்தில் ஒன்றில் அவனும் விழுந்தான்.

ஆறாம் நாள் அதே மெஷின் அந்தக் கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வலை மாட்டப்பட்டிருந்தது. அந்த மாதப் படங்களை நான் இன்னும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அதே பதினான்கு படத்தையும் அதே கோணத்தில் மறுபடி எடுத்துப் பழைய தேதியை ஏற்றச் சொன்னார். போன வாரமே வலை இருந்தது, அதைக் கழற்றியது அவன்தான் என்று விசாரணையில் காட்ட வேண்டும். தப்பு கம்பெனி மேல் என்றால் அவனுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலையாவது தரவேண்டியிருக்கும். அவன் மேல் என்றால் கேட்டுக்கு வெளியே. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இன்னா யோசிக்கிற? கையை வெட்டினது நாமளா? தேதியத்தானே மாத்துறோம்."

மறுத்திருந்தால் வேலை போயிருக்கும் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். போயிருக்காது. மறைமலை நகர் கிளைக்குத் தூக்கியடித்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் தங்கியிருந்த குன்றத்தூர் அறையை விட எனக்கு மனசில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் போய் அவனைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு அவன் எனக்கே ஆறுதல் சொன்னான். "நீங்கதான் போன வாரம் படம் எடுத்தீகளே சார். வலை இல்லாததும் இருக்கு, நானும் இருக்கேன். அது போதும்."

நான் வாங்கிப்போன சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் புதுப் படங்களுக்குப் பழைய பெயர்களை வைத்துக் கட்டளையை ஓட்டினேன். தேதி, நேரம் எல்லாம் அச்சு அசலாக ஏறியது. ஃபோல்டரைத் திறந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் நக அளவில் அதன் சின்னப் பிரதி ஒன்று இருக்கும். விவரங்களோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. திறந்து பார்த்தால் வலை இருக்கிறது. திறக்காமல் பார்த்தால் வலை இல்லை. ஒன்றில் அவன் நிற்கிறான், மெஷின் மேல் ஐந்து விரலோடு.

மேனேஜருக்கு அது கண்ணில் பட்டிருக்காது. அப்படியே விட்டிருந்தால் விசாரணையில் யாராவது ஒருவன் பார்த்திருப்பான். ஆனால் அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஹாட்பாக்ஸ் வாங்கியவன் இல்லையா? சின்னப் படங்களைப் புதிதாக உண்டாக்க இன்னொரு வரி எழுதினேன். எண்ணி மூன்று விநாடி. பிறகு பழைய படங்களையும் அழித்தேன்.

விசாரணையில் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார்கள். அவன் பதினான்கையும் பார்த்தான். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தான்.

"இதுல நான் இல்லையே சார். நின்னேனே." என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க சார்."

"தேதி அதுலயே இருக்குப்பா," என்றேன்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். பொய்யென்று கத்தியிருக்கலாம். சற்று நேரம் திரையில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பாகப் பேசிவிட்டவன் போல, "அப்ப நான் நின்னது வேற மாசமா இருக்கும் சார். மருந்து சாப்புடுறதுல ஒண்ணும் நெனப்பு இல்ல," என்றான்.

வலையைக் கழற்றியது தான்தான் என்று எழுதியிருந்த தாளை நீட்டினார்கள். பேனாவை இடது கையில் வாங்கினான். தாள் நழுவிக்கொண்டே இருந்தது. அழுத்திப் பிடிக்க அவனுக்கு இன்னொரு கை இல்லை. அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நான் பிடித்துக்கொண்டேன்.